தொண்டை போன சேதி

டீச்சர் தார்ப்பாய்க்கு அளவு சொல்ல வந்த அன்றுதான், தனக்குத் தொண்டை போய் ஒன்பது வருஷம் ஆகிறது என்ற சேதி தையல்காரிக்குத் தெரிந்தது.

பட்டறையில் மொத்தம் பதினோரு மிஷின். எல்லாம் கனத்த கேன்வாஸ் துணி தைக்கிற இரும்பு மிஷின்கள். ஓட ஆரம்பித்தால் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. லாரிக்குப் போர்த்துகிற பாய், கூடாரம், கடை வாசலுக்கு மழை மறைப்பு எல்லாம் அங்கேதான் தைத்தார்கள். ஓரத்தில் துணி நாலு மடிப்பாகச் சேருகிற இடத்தில் ஊசி சுலபத்தில் இறங்காது. ஊசியில் மெழுகைத் தேய்த்து, சக்கரத்தைக் கையால் அரைச் சுற்று சுற்றி, முதல் குத்தை நிதானமாக இறக்கிவிட்டுத்தான் மிதியை அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் ஊசி முறிந்து முகத்துக்கு வரும். ஓரம் தைக்கிற அந்த மூலை மிஷின் தையல்காரியுடையது. நாற்பத்தாறு வயது. மிஷின் ஓடும்போதெல்லாம் பாடுவாள். அந்த இரைச்சலுக்கு மேலே எழும்பினால்தான் அவள் குரல் அவளுக்கே கேட்கும். பக்கத்து மிஷின்காரி, "ஏய், ஒனக்கு மின்சாரம் தனியா வருதா?" என்று கேலி செய்வாள்.

டீச்சர் வந்தபோது தேநீர் நேரம். மிஷின்கள் நின்றிருந்தன. ஊருக்கு வெளியே, காட்டுக்குள், வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற நாட்டுப்பாட்டு விழாவை முன்னால் நின்று நடத்துகிறவர் அந்த டீச்சர். மேடைக்கு மேலே கட்டுகிற பாய் கிழிந்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், மூலையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் பேச்சை அப்படியே விட்டுவிட்டு நேரே வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து மூடி, "எப்படி... இருக்கீங்க? பேச வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க" என்றார்.

தையல்காரி ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டினாள்.

"வலி இருக்கா?"

"எங்க டீச்சர்?"

டீச்சர் திடுக்கிட்டுக் கையை விட்டார். "பேச்சு வருதே! இவ்வளவு தெளிவா வருதே! ஒங்க அண்ணன் சொல்லவே இல்லயே."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"ஆப்பரேஷனுக்கு அப்புறம் வெறும் காத்துதான் வருது, பாட்டுன்னு பேச்செடுத்தாலே அழுதுடுறா, யாரும் போய் விசாரிக்காதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாரே. அதுக்குப் பயந்துதான் நாங்க யாரும் ஒங்க தெருப்பக்கமே வரலை. தேன் மட்டும் குடுத்தனுப்புவோம். காட்டுத் தேன், தொண்டைக்கு இதமா இருக்குமேன்னு. வருஷா வருஷம் வந்துச்சா?"

வந்தது. வருஷா வருஷம் ஒரு பாட்டில். அண்ணன் கொண்டுவந்து கொடுப்பான். "ஒனக்குப் பிடிக்குமேன்னு வாங்கினேன்" என்பான். அவளும் அண்ணன் மறக்காமல் வாங்கிவந்தானே என்று பூரித்துப்போய், ரொட்டியில் தடவித் தின்று, விரலையும் நக்கியிருக்கிறாள்.

டம்ளரில் மீதியிருந்த தேநீரைக் குடித்து முடித்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு வரை அந்த விழாவில் அண்ணனோடு ஜோடியாகப் பாடியவள் அவள். அண்ணன் அவளிடம் சொன்ன கதை வேறு. "அவங்க இப்பல்லாம் புருஷன் பொண்டாட்டி ஜோடியத்தான் கேக்குறாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒன் அண்ணி சுமாராத்தான் பாடுவா, ஆனா அவங்களுக்கு ஜோடிதானாம்" என்றிருந்தான். அவளும் ரோஷப்பட்டு, வேண்டாமென்று தள்ளினவர்கள் வாசலை எதற்கு மிதிக்க வேண்டும் என்று அந்தக் காட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இந்தப் பக்கம் இவளை வரவிடாமலும் அந்தப் பக்கம் அவர்களை வரவிடாமலும் நடுவில் நின்று இரண்டு கதவையும் ஒரே ஆள் சாத்தியிருக்கிறான்.

"இப்ப சரியாயிடுச்சு டீச்சர்" என்றாள்.

"பாட முடியுமா?"

"முடியும். இந்த வருஷம் வரட்டுமா?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதக் கேக்கணுமா? இப்பவே அண்ணனுக்குப் போன் போடுறேன்."

"வேணாம் டீச்சர். அண்ணனுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்."

வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். காலை லோடு முடித்து வந்து, அடுப்படித் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கை மெதுவாகி, நின்றே போனது.

"இரு, எனக்குப் புரியலை. ஒனக்கு எப்ப ஆப்பரேஷன் நடந்துச்சு?"

"நடக்கலைங்க. அதத்தான் சொல்றேன்."

"ஒரு ஊரே ஒனக்குப் பேச்சு வராதுன்னு நினைச்சிட்டிருந்துச்சா? நான் ஒருத்தன் தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. அவர் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டார். "போன் போட்டு நாலு வார்த்தை நறுக்குன்னு கேளு. இல்ல, வா, வேன எடுக்கிறேன். நேர்லயே கேட்டுடலாம்."

"கேட்டா என்ன ஆகும்? அழுவான். அண்ணி ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு சமாதானம் பண்ணுவா. நீங்க விடு விடும்பீங்க. ஆறு மாசத்துல மறுபடி ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுவோம். அவ்வளவுதான் ஆகும்."

"கூடப்பொறந்தவன்டி."

"அதனாலதான். வேத்து ஆளா இருந்தா காறித் துப்பிட்டு வேலையப் பார்த்திருப்பேன்."

விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. அண்ணனும் அவளும் பாடிப் பேர் வாங்கியது ஒரே ஒரு பாட்டில்தான். அவளுக்கு எட்டு வயது, அவனுக்குப் பதினாலு வயது இருக்கும்போது இரண்டு பேரும் அந்தக் காட்டுக்குத்தான் சுள்ளி பொறுக்கப் போவார்கள். மரம் அடர்ந்த இடத்தில் பத்து அடி தள்ளி நிற்கிற ஆளைக்கூடப் பார்க்க முடியாது. தொலைந்து போகாமலிருக்க ஒருவர் கூப்பிட, இன்னொருவர் பதில் கொடுக்க வேண்டும். அந்தக் கூப்பாட்டைத்தான் அங்கே விறகு பொறுக்குகிறவர்கள் எல்லோரும் பாட்டாகப் பாடினார்கள். அதில் ஒரே ஒரு சட்டம். பதில் குரல், கூப்பிட்ட குரலைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும். அடுத்த தடவை கூப்பிடுகிறவர் அந்த உயரத்திலிருந்து எடுப்பார். பதில் அதற்கும் மேலே போகும். மூன்று சுற்று. மேடையில் எப்போதும் அண்ணன் கூப்பிடுவான், அவள் மேலே போவாள். அவள் இடத்துக்கு அண்ணி வந்த பிறகு "தங்கச்சி" என்று வருகிற இடத்தில் "கண்ணாட்டி" என்று மாற்றிக்கொண்டார்கள் என்று டீச்சர் சொன்னார். சுருதியையும் நாலு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறக்கிவிட்டார்களாம்.

அண்ணன் மரச்சாமான் கடையில் பாலிஷ் போடுகிறவன். முப்பது வருஷமாக வார்னிஷ் நெடியும் மரத்தூளும் உள்ளே போய் அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவந்தது அவளுக்குத் தெரியும். சாப்பிடும்போதுகூடத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பான். ஓரத்தில் ஊசியை இறக்கிக்கொண்டே அவள் அதை யோசித்தாள். ஐந்து வாரமும் பதினோரு மிஷினுக்கு மேலே நாலரைக் கட்டையில் பாடினாள். அவள் பாடிப் பழகியது அவளுடைய வரிகளை அல்ல. அண்ணனுடைய வரிகளை.

விழா அன்று காலையில் தூறல் போட்டு விட்டிருந்தது. காட்டுக்கு நடுவில் மரமில்லாத வட்டமான இடம். நனைந்த சருகு செருப்பில் அப்பிக்கொண்டு வந்தது. வெட்டிப்போட்ட மரத்துண்டுகளில் சாக்கு விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருநூறு பேர் இருக்கலாம். ஒரு பக்கம் பெரிய பாத்திரத்தில் சோளக்கதிர் வெந்துகொண்டிருந்தது. பலகை மேடைக்கு மேலே அவள் ஓரம் தைத்த பாய். அதில் தேங்கியிருந்த தண்ணீரை ஓர் ஆள் கழியால் குத்திக் குத்திக் கொட்டிக்கொண்டிருந்தான். மைக்குக்கு மழைக்காகப் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தார்கள்.

அண்ணன் மேடைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அண்ணி, மடியில் ஆர்மோனியப் பெட்டி. டீச்சர் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "யாரு வந்திருக்காங்க பாருங்க!" என்றார்.

அண்ணன் திரும்பினான். தேநீர் சட்டையில் சிந்தியது.

"நீ... நீ எங்க இங்க?"

"பாடத்தான்" என்றாள் தையல்காரி. "என்ன அண்ணே, எனக்குத் தொண்டை சரியாயிடுச்சுன்னு ஒனக்குச் சந்தோஷமே இல்லயா?"

டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை. "சந்தோஷம்தான்... சந்தோஷம் இல்லாம என்ன... டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒன்ன மாதிரி ஒரு அண்ணன் எல்லாருக்கும் கிடைக்காதுன்னு சொன்னாரு."

டீச்சர் மைக்கைப் பார்க்கப் போனதும் அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்தான். "வீட்டுக்குப் போ. நான் நாளைக்கு வந்து எல்லாம் சொல்றேன். ஒன் கால்ல வேணா விழறேன்."

"கைய எடு."

எடுத்தான். அண்ணி பெட்டியின் மேல்மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒங்களுக்கும் தெரியும்ல அண்ணி?"

"ரெண்டாவது வருஷம் தெரிஞ்சுது" என்றாள் அண்ணி, தரையைப் பார்த்தபடி. "கேட்டேன். மூணு நாள் சாப்பிடாம கிடந்தாரு. அப்புறம் நான் கேக்கலை."

"மூணு நாள்" என்று மட்டும் சொன்னாள் தையல்காரி.

டீச்சர் மைக்கில் அறிவித்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு குரல் திரும்பி வந்திருக்கிறது என்று அவர் சொன்னதும் ஜனங்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். பழைய முகங்கள் இருந்தன. ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த அழுகை எல்லாம் வராத நோய்க்கு என்று நினைத்துக்கொண்டே தையல்காரி மைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

அண்ணி பெட்டியின் துருத்தியை அசைத்து இரண்டு கட்டையில் விரலை வைத்தாள். அண்ணன் செருமிக்கொண்டு வாயைத் திறந்தான். அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். நாலரைக் கட்டையில். அவன் வரியை, தங்கச்சியை அண்ணே என்று மாற்றி.

*வெறகொடிக்க வந்த அண்ணே, வழி தெரியுதா?*
*வெயிலெறங்கும் நேரமாச்சு, கொரல் கேக்குதா?*

இரைச்சலுக்கு மேலே பாடிப் பாடி ஏறியிருந்த குரல். எதிரே இரைச்சலே இல்லாத இடத்தில் அது எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. பெட்டி இரண்டு கட்டையில் முனகிக்கொண்டிருந்தது. அண்ணன் மனைவியின் பக்கம் திரும்பி, விடாதே, அங்கேயே இரு என்கிற மாதிரிப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். பிறகு அவள் விரல்கள் கட்டைகள்மேல் நகர்ந்தன. மூன்று, நாலு, நாலரை. அங்கே வந்து நின்றன.

அண்ணனுக்குத் தப்பிக்க வழியில்லை. அவள் குரலுக்கு மேலே போயாக வேண்டும்.

*கேக்குதடி தங்கச்சி, கெளை மறைக்குது*
*கிட்ட வந்து நின்னு பாரு, நெழல் அழைக்குது*

முதல் சுற்றை எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவதில் அவள் இன்னும் மேலே எடுத்தாள். அவன் பதில் பாதியில் கீறி, பொய்க்குரலில் போய், கீழே விழுந்தது. ஜனங்கள் கை தட்டி ஊக்கம் கொடுத்தார்கள். அவள் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மூன்றாவது சுற்றில் அவள் போன உயரத்துக்கு அவள் தன் இருபத்தைந்து வயதிலும் போனதில்லை. அண்ணன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான். இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இருமினான். பெட்டி நின்றது.

எல்லாரும் பதறி எழுந்தார்கள். டீச்சர் தண்ணீரோடு ஓடிவந்தார்.

வீட்டுக்காரர் கீழே முதல் வரிசையில் இருந்தார். அவள் இப்போது உண்மையைப் போட்டு உடைக்கப்போகிறாள் என்று அவருக்கு நிச்சயம். அண்ணனும் அப்படித்தான் நினைத்தான். அவன் கண்ணில் அது தெரிந்தது. அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் பயப்படாதீங்க" என்றாள். "இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இருந்தேன். எனக்கு வந்த அதே சீக்குதான் அண்ணனுக்கும் வந்திருக்கு. எங்க குடும்பத்துல இருக்கிறது போல. ஒங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, இத்தனை நாள் வலியோட பாடிட்டிருந்திருக்காரு. இனிமே பாடினா பேச்சே போயிடும். அவரா நிறுத்த மாட்டாரு. நீங்கதான் சொல்லணும். ஓய்வு குடுத்தா சரியாயிடும். எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு."

அண்ணன் தலையைத் தூக்கினான். "இல்ல... அப்படில்லாம்..." என்று ஆரம்பித்தான். குரல் இருமலில் கிழிந்து, நிஜமாகவே காற்றாகத்தான் வந்தது.

"பேசாதீங்க! பேசாதீங்க!" என்று டீச்சர் அவன் வாயைப் பொத்தாத குறையாகத் தடுத்தார். "எத்தனை கஷ்டத்த உள்ளுக்குள்ளயே வச்சிருந்திருக்கீங்க! தங்கச்சி பட்டது போதாதா? நீங்களுமா?"

அவன் இல்லையென்று சொல்லலாம். சொன்னால் தங்கைக்கும் நோய் இல்லை என்று சொல்ல வேண்டும். இருநூறு பேர் முன்னால் அதைச் சொல்கிற தைரியம் அவனுக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். கூடப் பிறந்தவள் அல்லவா. அவன் டீச்சர் நீட்டிய டம்ளரை வாங்கிக் குடித்தான்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் வேனை ஓட்டினார். வைப்பர் காய்ந்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது; அதை நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"நீ உண்மையச் சொல்லியிருக்கலாம்" என்றார் கடைசியில்.

"சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பான். எல்லாரும் மன்னிச்சிருப்பாங்க. நல்ல ஜனங்க."

"இது ரொம்பக் கொடுமையா இருக்குடி."

"எந்தக் கொடுமை? என்னோடதா, அவனோடதா?"

அவர் வைப்பரை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அண்ணி போன் செய்ய ஆரம்பித்தாள். முன்னெல்லாம் செய்ததே இல்லை. "கடைக்குப் போனா கிசுகிசுன்னு பேசுறாரு. பாலிஷ் கடையில முதலாளி சிலேட்டு வாங்கிக் குடுத்திருக்காரு, அதுல எழுதிக் காட்டுறாரு. வீட்டுக்கு வந்து பகல் முழுக்க அடக்கி வச்சதையெல்லாம் சேத்து என்கிட்ட கத்துறாரு" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். பிறகு, "அடுத்த வருஷம் பெட்டி வாசிக்க என்னக் கூப்பிட்டிருக்காங்க. ஒங்களுக்கு. வரவா?" என்று கேட்டாள். "வாங்க" என்றாள் தையல்காரி.

அண்ணன் வந்தது இரண்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். போன மாதம்தான் எதிர்வீட்டுக்குக் குடிவந்த இஸ்திரிக்கார அம்மாளும் விழாவுக்கு வந்திருந்தவள். அவள் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கே ஓடிவந்தாள். "அண்ணா, வாங்க வாங்க. பேசாதீங்க. தொண்டை எப்படி இருக்கு? தலைய ஆட்டுங்க போதும்." அண்ணன் தலையை ஆட்டினான். உள்ளே வந்து கதவைச் சாத்தினதும்தான் அவனுக்குக் குரல் வந்தது. நல்ல கணீரென்ற குரல்.

"என்ன நினைச்சிட்டிருக்க நீ? இது எத்தனை நாளைக்கு?"

"மெதுவாப் பேசு அண்ணே. எதிர்வீட்டுல கேக்கும்."

அவன் சட்டென்று குரலை இறக்கியதைப் பார்த்து அவள் சிரித்தாள். வீட்டுக்காரர் அடுப்படிக்குள் போய்விட்டார்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கையையே பார்த்தான். நகக்கண்ணெல்லாம் வார்னிஷ் கறை. "ஏன் அப்படிச் சொன்னேன்னு நீ கேக்கவே இல்ல."

"சொல்லு."

"கடைசி வருஷம் நாம பாடிட்டுக் கீழ எறங்கினோம். ஒரு ஆள் வந்து ஒன் ரெண்டு கையையும் பிடிச்சு அழுதான். நான் பக்கத்துல பெட்டியத் தூக்கிட்டு நின்னேன். என்னத் திரும்பிப் பார்த்து, ‘நீங்க இவங்களுக்குப் பெட்டி தூக்குறவரா’ன்னு கேட்டான். இப்பதான் நான் பாடி முடிச்சிருந்தேன். அவன் முன்னாடிதான் பாடினேன். அவன் காதுல நான் விழவே இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அந்த ஆளை அவளுக்கும் ஞாபகம் இருந்தது.

"யாரோ ஒருத்தன் கேட்டான்" என்றாள். "அவன அடிச்சிருக்கலாமே. என் கழுத்த எதுக்கு அறுத்த?"

"தப்புதான். பெரிய தப்பு. என்ன வேணா செய்யி. இத மட்டும் மாத்திச் சொல்லிடு. அண்ணனுக்குச் சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை டீச்சர்கிட்ட சொல்லு. பாடாம இருக்க முடியலை. குளிக்கும்போதுகூட பாட முடியலை, பக்கத்து வீட்டுல கேட்டுடுமேன்னு இருக்கு."

"நீயே சொல்லு. என் தங்கச்சிக்குத் தொண்டை போகவே இல்ல, நான் சொன்னது பொய்னு சொல்லு. அன்னிக்கு ராத்திரியே பாடு. நான் வந்து மொதல் வரிசையில உக்காந்து கேக்குறேன்."

"அதச் சொன்னா என் மூஞ்சில யாரு முழிப்பா?"

"அப்ப ஓய்வெடு."

"ஒன்பது வருஷமா? எனக்கு அறுபத்தொண்ணு ஆயிடும்டி."

"எனக்கு முப்பத்தேழுல ஆரம்பிச்சுது."

அடுப்படியில் கரண்டி பாத்திரத்தில் உரசியது. அண்ணன் எழுந்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்து வாசல் பக்கம் மெதுவாக நடந்தான். அவள் சொல்லவில்லை.

ஆனால் அவன் வெளியே போனதும் ஜன்னலுக்கு வந்து நின்றாள். இஸ்திரிக்கார அம்மாள் மறுபடி தெருவில் இறங்கி அவனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மாத்திரை சாப்பிடுறீங்களா? கொஞ்சமாவது கொரல் வருதா?" தெருவில் வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு பெண்பிள்ளை. இருநூறு பேர் இல்லை. தையல்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இவளிடம், இந்த ஒருத்தியிடம் அவன் வாயைத் திறந்து, எனக்கு ஒன்றுமில்லை அம்மா, என் தங்கைக்கும் ஒன்றும் இருந்ததில்லை என்று உரக்கச் சொல்லிவிட்டால் போதும், ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து உட்கார வைத்துப் பரிமாறிவிடுவது என்று அந்தக் கணத்தில் தீர்மானித்தாள். அது தனக்குள் எங்கிருந்து வந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவன் வாயைத் திறப்பதைப் பார்த்தாள்.

அண்ணன் குனிந்து, இஸ்திரிக்கார அம்மாளின் காதருகே எதையோ கிசுகிசுத்தான். அந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள்.

தையல்காரி ஜன்னலை விட்டு வந்தாள். கைகழுவிக்கொண்டு, பாயை விரித்து உட்கார்ந்து, "சாப்பாடு எடுத்து வைங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் தட்டை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு தடவை போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.